ஒரு வாளி போல்ட்

ஆரின் ஹாவ்லிக் ஒரு துப்பாக்கியை ஓசியில் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டபோது எங்கள் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது அவனை. பக்கத்து வீட்டு வாசல் பனியைச் சொல்லாமலே தள்ளிவிடுவான். மாதா கோவில் மீன் விருந்துக்கு மேசை தூக்குவான். கேட்டால் வண்டிச் சாவியைக்கூட எறிவான். ஆனால் துப்பாக்கி விஷயம் வேறு. அதில் மாற்றுக்கு மாற்றுதான்.

ஓஹையோ ஆற்றங்கரையில் எங்கள் துப்பாக்கி கிளப்பில் அது எழுதாத சட்டம். அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் கை மாறும்போது பதிலுக்கு ஏதாவது வாங்கியாக வேண்டும். ஒரு டப்பா எண்ணெய், ஒரு பாட்டில் ஊறவைத்த மிளகாய், எதுவானாலும் சரி. சும்மா கொடுத்த துப்பாக்கி துருப்பிடிக்கும் என்பார்கள். வேடிக்கைக்குச் சொல்வதுதான், ஆனாலும் யாரும் மீறிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில், ஒரு சனிக்கிழமை காலை, ஆரின் தன் பின்லாந்துத் துப்பாக்கியைக் கொண்டுவந்து ராய்ஸ் டெனிசனின் வண்டி சீட்டில் சாய்த்துவைத்தான். ராய்ஸ் இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன துப்பாக்கி அது.

"எடுத்துக்கோடா," என்றான்.

"பதிலுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். எனக்கு இனிமே எதுக்கு?"

ராய்ஸ் சிரிக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பான். அன்றைக்கு அந்தத் துப்பாக்கியைப் பார்த்தான், ஆரின் முகத்தைப் பார்த்தான், நன்றிகூடச் சொல்லாமல் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

ஆரின் பெரிய ஆள் ஒன்றுமில்லை. மாவட்டச் சாலைத் துறையில் லாரி ஓட்டினவன். குளிர்காலத்தில் பனி தள்ளி உப்புப் போடுவான், கோடையில் குழிக்குத் தார் ஊற்றுவான். மனைவி வெல்டா பீங்கான் தொழிற்சாலையில் கோப்பை விளிம்புக்குத் தங்கக் கோடு போட்டவள். தொழிற்சாலை மூடியபிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தாள். ஒரே மகள் கோலெட் கல்யாணமாகி டூசானுக்குப் போய்விட்டாள். பனியே இல்லாத ஊர்.

இந்தத் துப்பாக்கிப் பித்து அவனைப் பிடித்த கதை இதுதான். ரஷ்யா உடைந்தபிறகு அந்தப் பக்கத்து நாடுகளெல்லாம் கிடங்கைக் காலிசெய்யத் தொடங்கின. பெட்டி பெட்டியாகப் பழைய ராணுவத் துப்பாக்கி எங்கள் கரைக்கு வந்து இறங்கியது. எங்கள் ஊர் இரும்புக் கடைக்காரன் அதைத் துடைப்பக்கட்டைபோல ஒரு பீப்பாயில் நிறுத்திவைத்திருந்தான். ஒரு ஜோடி வேலைச் சப்பாத்தைவிட மலிவு. பனி தள்ளும் மண்வெட்டி வாங்கப் போன ஆரின், தோளில் ரஷ்யத் துப்பாக்கியோடு வீடு திரும்பினான்.

"மண்வெட்டி எங்கய்யா?" என்றாள் வெல்டா.

"தீர்ந்துபோச்சாம்."

"அதனால இதால பனியைச் சுடப்போறியா?"

மான் வேட்டையில் அவனுக்குப் பெரிய ஆசை கிடையாது. சுடுவதும் மாதத்துக்கு ஒரு நாள், கிளப்பில், காகிதத்தின்மேல். அவனைக் கட்டிப்போட்டது வேறு. கிடங்கில் கெடாமலிருக்க அந்தத் துப்பாக்கிகளை ஒரு பழுப்பு கிரீஸில் முக்கியெடுத்திருப்பார்கள். ஆறிப்போன ஆட்டுக்கொழுப்புபோல ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, துணியால் துடைக்கத் துடைக்க, உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எண் வெளியே வரும். குழாயில் ஒரு எண், அடித்தகட்டில் ஒரு எண், போல்ட்டில் ஒரு எண். போல்ட் என்றால் கதவுத் தாழ்ப்பாள்போல இழுத்துத் தள்ளி மூடுகிற அந்த இரும்புக் கட்டை. அது இருந்தால்தான் துப்பாக்கி துப்பாக்கி. இல்லாவிட்டால் நீளமான விறகு.

மூன்று எண்ணும் ஒன்றாக இருந்துவிட்டால் ஆரினுக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம். எத்தனை போர் பார்த்து, எத்தனை பேர் கைமாறி, எத்தனை பட்டறை மேசையில் பிரித்துப் போடப்பட்டு, கடைசியில் தன் போல்ட்டை விட்டுப் பிரியாமல் வந்திருக்கிறதே என்று மாய்ந்துபோவான். அதனால் துடைக்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு துப்பாக்கியைத் திறக்கவே மாட்டான். இரண்டு பிள்ளைகளை ஒரே தொட்டியில் குளிப்பாட்டினாலும் யார் எவர் என்று தாய்க்குத் தெரியும், இரண்டு போல்ட்டை ஒரே துணியில் வைத்தால் கடவுளுக்கே தெரியாது என்பான்.

வெல்டா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மரக்கட்டையில் ஊறிய கிரீஸ் வெயிலில்தான் வியர்த்து வெளியே வரும் என்று, கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி அவள் காரின் பின்சீட்டில் போட்டுவைப்பான். அவள் அது தெரியாமல் சித்தி மகள் கல்யாணத்துக்கு அந்தக் காரை ஓட்டிப்போனாள். பட்டுச் சட்டையில் பெட்ரோல் பங்க் வாசனை. இன்னொரு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பாத்திரம் கழுவும் மெஷினில் இரும்புத் துண்டுகளைப் போட்டு ஓட்டிவிட்டான். மறுநாள் விருந்தில் எந்தக் கோப்பையை எடுத்தாலும் அதே நாற்றம். "செஞ்சேனை மொத்தமும் நம்ம வீட்டுலதான் கை கழுவிட்டுப் போயிருக்கு, குடிங்க குடிங்க," என்று வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றினாள். திட்டுவாள், சிரிப்பாள், மறுபடி திட்டுவாள். புதுப் பெட்டி வாசலில் வந்து இறங்கினால் அவனுக்கு முன்னால் கத்திரிக்கோலோடு நிற்பவளும் அவள்தான்.

துப்பாக்கிகள் முதலில் கீழறையை நிறைத்தன, பிறகு மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தை, பிறகு அவளுடைய தையல் அறையை. ரஷ்யா, யூகோஸ்லாவியா, இத்தாலி, துருக்கி, இங்கிலாந்து என்று ஊர் ஊராக நின்றன. எதுவும் பணக்காரன் வாங்குகிற சரக்கில்லை. எல்லாம் மலிவாகக் கிடைத்தபோது மலிவாக வாங்கியவை.

போன இலையுதிர் காலத்தில் வெல்டா கண் மஞ்சளாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். காமாலை என்று போனவள் வேறு நோயின் பெயரோடு திரும்பி வந்தாள். மரங்கள் இலையைக் கொட்டி முடிப்பதற்குள் அவளைப் புதைத்தாயிற்று.

அதற்குப் பிறகு ஆரின் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படுக்கையறைக்குப் போகமாட்டான். சாய்வு நாற்காலியிலேயே தூங்கினான். தூங்கினான் என்பதும் பேச்சுக்குத்தான். முழங்கால் வேறு மக்கர் செய்தது. வாசலில் ஒரு வேடிக்கை. அவன் லாரி ஓட்டிய காலத்தில் ரோட்டுப் பனியைத் தள்ளும்போது அதெல்லாம் வீட்டு வாசலில் மதில்போல ஏறிக்கொள்ளும், ஊரே அவனை ஏசும். இப்போது அவன் வேலைக்கு வந்த புதுப் பையன் அதேமாதிரி இவன் வாசலை அடைத்துவிட்டுப் போனான். ஆரின் ஜன்னலில் நின்று பார்த்தான். தள்ளப் போகவில்லை. வெளியே போய் என்ன ஆகப்போகிறது?

ஞாயிறுதோறும் கோலெட் போன் செய்வாள். "எல்லாத்தையும் வித்துட்டு இங்க வந்துருங்கப்பா." விற்பதாம்! வருகிறவன் நல்லதாக நாலைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைத் தொட்டும் பார்க்கமாட்டான். மிச்சத்தை என்ன செய்வது? ஆற்றில் போடுவதா? இத்தனையையும் தூக்கிக்கொண்டு மகள் வீட்டு ஒற்றை அறையில் போய் உட்காருவதா? விட்டுப் போகவும் முடியாது, வைத்துக்கொண்டு இருக்கவும் முடியாது. வெல்டா இருந்தவரைக்கும் கீழறை என்பது அவள் வாயிலிருந்து கொஞ்ச நேரம் தப்பித்துப் போகிற இடம். இப்போது தப்பிக்க ஆளில்லை, அந்த இடம் மட்டும் மிச்சம். அவனாகக் கட்டிய கூண்டு. சுவரெல்லாம் இரும்பு.

அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் அந்த நினைப்பு வந்தது. போதும் என்கிற நினைப்பு. அதை நான் விளக்கப் போவதில்லை. விளக்கி யாருக்கு என்ன லாபம்? அது வந்தபிறகு, வருஷக்கணக்காக எண்ணையும் முத்திரையையும் மட்டுமே பார்த்த கண், சுவரை வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கியது. அது அவனுக்குத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது. யாரிடம் சொல்வது? பாதிரியாரிடமா, மகளிடமா? எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வண்டி மக்கர் செய்தால் சொல்லத் தெரியும், மனசு மக்கர் செய்தால் வார்த்தை கிடையாது. அந்தச் சனிக்கிழமைதான் பின்லாந்துத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போனான்.

திங்கட்கிழமை காலை ராய்ஸ் வந்தான். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற சூட்டடுப்பை வீட்டுக்கு வீடு போய்ப் பழுதுபார்க்கிறவன் ராய்ஸ். ஆள் கதவு அகலம். இடது கையில் அவன் மனைவி பெக் கொடுத்துவிட்ட ஹலுஷ்கி, அதாவது முட்டைக்கோஸோடு வதக்கிய மாவுத்துண்டு, வலது கையில் காலி வாளி.

"வாளி எதுக்குடா?" என்றான் ஆரின்.

"பால் கறக்க." ராய்ஸ் தட்டை அடுப்புமேல் வைத்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். "போல்ட்டெல்லாம் குடு."

"எந்தப் போல்ட்டு?"

"எல்லாந்தான். ஒண்ணு விடாம."

"எதுக்கு?"

"துரு ஏறியிருக்கான்னு பாக்கணும்."

"என் போல்ட்டுல துருவா? சொன்ன நாக்கு அழுகிப்போயிரும்டா."

ராய்ஸின் காது இரண்டும் சிவந்தன. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. "இங்க பாரு. நீ ஓசியில குடுத்தே இல்ல? அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. பெக்குக்கும் இறங்கல. அவ என்னைப் படுக்கவே விடல, போ போன்னு புடுங்கிட்டா."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. துப்பாக்கி எல்லாம் இங்கயே இருக்கட்டும். எதையும் நான் தொடல. போல்ட் மட்டும் வெயில் வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

ஆரினுக்கு முகம் கொதித்தது. "என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டீங்களா புருஷனும் பெண்டாட்டியும்?"

"பைத்தியத்தை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். அதைப் பத்தி எங்களுக்குக் கவலை இல்ல."

"வேற எதைப் பத்திக் கவலை?"

ராய்ஸ் வாளியைக் காலால் இந்தப் பக்கம் நகர்த்தினான், அந்தப் பக்கம் நகர்த்தினான். "குடேன்டா," என்றான் கடைசியில். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. ராய்ஸ் கெஞ்சி ஆரின் கேட்டதில்லை.

"கலந்துருவே நீ."

"நானா? நான் கலப்பேனா?" ராய்ஸ் நிஜமாகவே புண்பட்டுப் போனான். கோட்டுப் பையிலிருந்து நூல் கட்டிய அட்டைச் சீட்டுகளை ஒரு கொத்தாக எடுத்து மேசைமேல் போட்டான். "ஒவ்வொண்ணுக்கும் சீட்டு. எது எதோட போல்ட்டுன்னு எழுதிக் கட்டு. போதுமா?"

அந்தச் சீட்டுகளைப் பார்த்ததும் ஆரினுக்கு மறுக்க வாய் எழவில்லை. "நீ இங்கயே இரு. உன் பூட்ஸுல ஊர்ப் பனியெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு," என்று சொல்லிவிட்டு வாளியோடு கீழே இறங்கினான்.

ஒவ்வொன்றாக உருவினான். பழைய துணியில் சுற்றினான், சீட்டில் எண் எழுதினான், கட்டி வாளியில் அடுக்கினான். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. நெஞ்சில் ஏதோ கொஞ்சம் இளகியதுகூட. பிறகு ஸ்வீடன் துப்பாக்கியிடம் வந்தான்.

அவனிடம் இருந்ததிலேயே சுத்தமானது அது. திருகாணிவரைக்கும் ஒரே எண். நூறு வருஷமாக அந்தப் போல்ட் அந்தத் துப்பாக்கியை விட்டுப் போனதே இல்லை. ஸ்வீடன்காரி என்று பெயர் வைத்திருந்தான். போல்ட்டை உருவிக் கையில் பிடித்தவன் அப்படியே நின்றான். இதைப் பிரிக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான், மற்றதெல்லாம் போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய். சேகரிக்கிறவன் சொல்லிக்கொள்கிற நல்ல பொய். அவனுக்கே தெரியும் அது பொய் என்று.

உதிரிச் சாமான் டப்பாவில் இன்னொரு ஸ்வீடன் போல்ட் கிடந்தது. எப்போதோ தபாலில் வாங்கியது, வேறு எண். அதை எடுத்துத் துணியில் சுற்றினான். சீட்டில் ஸ்வீடன்காரியின் எண்ணை எழுதினான். கட்டி வாளியில் மற்றதோடு வைத்தான். நிஜமான போல்ட் அவன் ஸ்வெட்டர் பைக்குள் போனது.

"எல்லாம் இருக்கா?" என்றான் ராய்ஸ், வாளியைத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டே.

"இருக்கு."

ராய்ஸ் மேலே கிடந்த ஒரு மூட்டையைப் பிரிக்கக் கை வைத்தான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அலறியது. முதியோர் இல்லத்தில் சூட்டடுப்பு நின்றுபோச்சாம், கிழவர்கள் எல்லாரும் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறார்களாம். "வந்துட்டேன், வந்துட்டேன்," என்று கத்திக்கொண்டே வாளியோடு ஓடினான். கதவருகே நின்று திரும்பினான். "அதைச் சூடு பண்ணித் தின்னுடா." போய்விட்டான்.

வண்டிச் சத்தம் ஓயும்வரை ஆரின் சமையலறையிலேயே நின்றான். ஏமாற்றிவிட்டோம் என்று ஒரு நொடி பெருமைகூட வந்தது. அடுத்த நொடி முதுகெல்லாம் குளிர்ந்துபோனது. இனி வீட்டில் அவனும் அந்த ஒன்றும் மட்டும்தான்.

ராய்ஸ் பார்த்துவிடுவான், அதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்குப் போனதும் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணெய் போடுவான், எண்ணெய் போட்டால் எண்ணைப் பார்ப்பான். பார்க்காமல் இருக்க அவனால் ஆகாது. சாப்பிடப் போன இடத்தில் கரண்டியைத் திருப்பிப் பின்னால் என்ன பொறித்திருக்கிறது என்று பார்க்கிற பிறவி அவன். ஆரின் ஜன்னலுக்குப் போனான். ரோட்டில் ஒருவரும் இல்லை. உட்கார்ந்தான். மறுபடி எழுந்து போனான். சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. பனி மறுபடி கொட்டத் தொடங்கியது. ராய்ஸ் வரவில்லை.

மறுநாள் காலையும் வரவில்லை. ஆரினுக்கு முதலில் கோபம் வந்தது. முப்பது வருஷ சிநேகிதம், ஒரு எண்ணைப் பார்க்க நேரமில்லையாக்கும்! பிறகு கோபத்தைவிட மோசமான ஒன்று வந்தது. பார்த்திருப்பான். பார்த்துவிட்டுத்தான் இருக்கிறான். எக்கேடோ கெட்டுப்போகட்டும் என்று விட்டுவிட்டான். வராமலிருக்க வேறு என்ன காரணம் இருக்க முடியும்? தானே போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். போனைக் கையில் எடுத்தான். என்னவென்று கேட்பது? நான் உன்னை ஏமாற்றினேனே, கண்டுபிடித்தாயா என்றா? வைத்துவிட்டான்.

வைத்த கை எடுக்கவில்லை, அது அடித்தது. கோலெட்.

"ஞாயித்துக்கிழமை இல்லையேம்மா," என்றான்.

"சும்மாத்தாம்பா. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பாடு?"

"பெக் குடுத்த ஹலுஷ்கி." அடுப்புமேல் வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது. மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"குரல் ஒரு மாதிரி இருக்கே?"

"சளி."

"அப்பா, நான் ஒரு வாரம் வந்துட்டுப் போகவா?"

வா என்று சொல்ல அவன் நாக்கு துடித்தது. வாம்மா, இன்றைக்கே கிளம்பி வா என்று உள்ளே ஒருத்தன் கத்தினான். வெளியே வந்தது வேறு. "எதுக்கு? பிளேன் டிக்கெட் என்ன மரத்துலயா காய்க்குது? பிள்ளைங்க பள்ளிக்கூடத்தைப் பாரு."

"சரிப்பா," என்றாள். அழுகிறாளோ என்று இவனுக்குத் தோன்றியது. அதையும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டுக் கீழறைக்குப் போனான். வரிசை வரிசையாக நின்றன, எல்லாம் பின்பக்கம் ஓட்டையாக. பல் பிடுங்கின வாய்போல இருந்தது அந்தச் சுவர். ஸ்வீடன்காரிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். கை ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது. இரும்பு அவன் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை, பையை விட்டுக் கையையும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. நடுவில் ஒருதரம் வெல்டாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அடுப்பறையில் இருப்பவளைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுவிட்டான். பதிலுக்குச் சூட்டடுப்பு மட்டும் உறுமியது.

இன்றைக்குள் அவன் வராவிட்டால், என்று நினைத்தான். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

மேலே பக்கவாட்டுக் கதவு சுவரில் மோதித் திறந்தது. கதவைத் தட்டுகிற நாகரிகமெல்லாம் கிடையாது. தொம் தொம்மென்று பூட்ஸ் சமையலறையைக் கடந்தது. "எங்கடா இருக்கே?" என்று ஒரு கத்தல். "டேய்! ஆரின்! வாயைத் திறடா!" கத்தலில் நடுக்கம் இருந்தது. படியில் பாதி சறுக்கிப் பாதி இறங்கி ராய்ஸ் கீழே வந்து நின்றான். இடுப்புவரைக்கும் பனி. மூச்சு இரைத்தது. ஆரினைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அப்புறம்தான் மூச்சை விட்டான்.

கையில் ஒரு துணி மூட்டை. அதைப் பிரித்து ஆரின் மூக்குக்கு முன்னால் நீட்டினான். "இது என்னது?"

"போல்ட்டு."

"எதோட போல்ட்டு?"

"ஸ்வீடன்காரியோடது. சீட்டுல எழுதியிருக்கே."

"சீட்டுல இருக்கு. இரும்புல இல்ல. என் கண்ணு இன்னும் அவியலடா."

"மாறிப்போயிருக்கும்."

"மாறிப்போச்சா? உங்கிட்டயா?" ராய்ஸின் குரல் உடைந்தது. "வெல்டாவைப் புதைச்ச அன்னைக்கு நீ ரெண்டு கால்லயும் வேற வேற சப்பாத்து போட்டுக்கிட்டு வந்தே. அன்னைக்குக்கூட நீ போல்ட்டை மாத்திப் போட்டிருக்கமாட்டே. எங்க அது?"

ராய்ஸ் கையுறை போட்ட கையை நீட்டினான். நீட்டினவன் மடக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஆரின் பையிலிருந்து அதை எடுத்து அந்தக் கையில் வைத்தான். ராய்ஸ் விளக்குப் பக்கம் திருப்பி எண்ணைப் பார்த்தான். அந்த நிலைமையிலும் பார்த்தான். பார்த்துவிட்டுக் கோட்டின் உள்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"நான் நம்பர் பாப்பேன்னு உனக்குத் தெரியாதா?" என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வச்சியா?"

ஆரின் தலையை ஆட்டினான். கல்லறையிலும் அழாதவன், ராய்ஸின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளைபோலத் தேம்ப ஆரம்பித்தான்.

"நேத்தே பாப்பேன்னு நெனச்சேன்டா," என்றான். "நேத்து முழுக்க ஜன்னல்லயே நின்னேன். இன்னைக்கும் நின்னேன். ஏன்டா இவ்வளவு நேரம்?"

முதியோர் இல்லம், அடைத்துக்கொண்ட குழாய், பனியில் சிக்கிய வண்டி, ராய்ஸிடம் காரணம் எத்தனையோ இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் அவனை இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.